அவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்

ஆந்திராவின் ராமகுப்பம், குப்பம், சாந்திபுரம், குடுபள்ளி மண்டலங்களில் நரம்பு நோயாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாருக்கு,

பக்கவாதத்தில் விழுந்த அப்பா, நினைவு மங்கிப்போன பாட்டி, கைகால் நாளுக்கு நாள் சூம்பிவரும் அண்ணன், பார்க்கின்சன் வந்து நடை தடுமாறும் மாமியார் என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில் கிடக்கிறது. அதில் இருப்பவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் அவருடைய கடைசிக் காலம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நம் பக்கத்தில் அவர் தீர்மானிப்பதில்லை, நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். நம்மில் பலருக்கு வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து தெலுங்கு. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள்.

என் மனக்குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூருக்கோ வேலூருக்கோ திருப்பதிக்கோ நோயாளியைக் கூட்டிப்போகிறீர்கள். ஸ்கேன் எடுத்து, ரத்தம் கொடுத்து, ஊசி குத்தி நரம்பையும் தசையையும் சோதித்து, எல்லாம் முடிந்து டாக்டர் விஷயத்தைச் சொல்ல வரும்போது நீங்கள் முந்திக்கொள்கிறீர்கள்: "அவருக்குத் தெரிய வேணாம் டாக்டர், மனசு உடைஞ்சிடுவார்." நோயாளி வெளியே பெஞ்சில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே மூத்த மகன், மருமகன், ஊரிலிருந்து துணைக்கு வந்த விவரம் தெரிந்த ஒருவர். நோயின் பெயர் என்ன, எவ்வளவு காலம், அடுத்தது என்ன வரும் என்பதெல்லாம் அந்த மூவருக்கும் தெரிகிறது. நோய் யார் உடம்பில் இருக்கிறதோ அவருக்கு மட்டும், "நரம்புல கொஞ்சம் வீக்னஸ், மாத்திரையில சரியாயிடும்" என்று சொல்லி ரயிலேற்றிக் குப்பத்தில் இறக்குகிறீர்கள். அன்பினால்தான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்பு அவரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

மற்ற நோய்களில் இப்படி மறைத்தாலும் பின்னால் ஈடுகட்ட வாய்ப்பிருக்கும். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர் பெரும்பாலும் கடைசி வாரங்கள் வரை வேண்டும், வேண்டாம் என்று தன் வாயால் சொல்ல முடியும். நரம்பு நோயில் இந்த வரிசை மாறிவிடுகிறது. பேச்சோ யோசிக்கும் திறனோ முன்னால் போய்விடுகிறது, உயிர் மாதங்களோ வருடங்களோ கழித்துப் போகிறது. மோட்டார் நியூரான் நோயில் நாக்கும் தொண்டையும் செயலிழந்த பிறகும் பெரும்பாலானவர்களுக்கு அறிவு தெளிவாக இருக்கும், சொல்லத்தான் வாய் வராது. டிமென்ஷியாவில் வாய் இருக்கும், எடை போட்டு முடிவெடுக்கும் அறிவு கரைந்துபோயிருக்கும். பெரிய பக்கவாதம் ஒரே ராத்திரியில் இரண்டையும் கொண்டுபோகலாம். கேட்க வேண்டியதைக் கேட்க உங்களுக்கு இருப்பது கொஞ்ச காலம். அதைத்தான் மறைத்து மறைத்துக் கழிக்கிறீர்கள்.

கேட்க வேண்டியவை பெரிய தத்துவங்கள் இல்லை. விழுங்க முடியாமல் போனால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்கலாமா? மூச்சு குறைந்தால் முகத்தில் மாட்டும் மாஸ்க் மெஷின் போதுமா, கழுத்தில் துளை போட்டு வென்டிலேட்டரில் இணைக்கலாமா? இனி நினைவு திரும்பாது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டால் மெஷினைத் தொடரலாமா? கடைசி நாட்கள் ஐசியுவிலா, சொந்த வீட்டிலா? அவரால் பேச முடியாத நாளில் அவருக்காகப் பேச வேண்டியது மனைவியா, மகளா, தம்பியா? நீங்கள் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் இந்தக் கேள்விகளுக்கு அவருடைய பதிலை ஊகிக்க முடியாது. முப்பது வருடம் கூட வாழ்ந்த மனைவிக்கும் முடியாது.

என் சித்தப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய். மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு ஷெட்டுமாக வாழ்ந்தவர். புழு கூடு கட்ட விட்ட சந்திரிகைத் தட்டைத் தூக்கி நிறுத்தும்போது வலதுகைப் பிடி நழுவியதுதான் முதல் அறிகுறி. அவரைப் பார்த்த டாக்டர், எங்கள் வீட்டு ஆண்கள் எவ்வளவோ ஜாடை காட்டியும் கேட்காமல், அவரையே எதிரில் உட்காரவைத்து நேராகச் சொல்லிவிட்டார். "இப்படியா முகத்துக்கு நேரா சொல்றது" என்று ஊரில் கோபப்பட்டவர்கள் உண்டு. சித்தப்பா அழுதார். சில நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் எழுந்து தோட்டத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தார், பேங்க் கடனை நேர் செய்தார், கணக்குப் புத்தகத்தைச் சித்தியிடம் கொடுத்து எங்கே எவ்வளவு வர வேண்டும் என்று சொன்னார். மறைத்திருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது.

பேச்சு குழறத் தொடங்கியதும் ஓர் அட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதிவைத்தோம். சித்தப்பாவுக்குத் தெரிந்த எழுத்து தெலுங்கு மட்டும்தான், ஆகவே தெலுங்கு எழுத்தில் தமிழ்ச் சொற்களைக் கட்டினார். சித்தி வரிசை வரிசையாகப் பென்சிலை நகர்த்துவார். சரியான எழுத்து வந்ததும் சித்தப்பா கண்ணை இறுக்கி மூடித் திறப்பார். ஒரு வாக்கியம் முடிய அரைமணி நேரம் ஆகும். அப்படித்தான் சொன்னார்: வயிற்றில் குழாய் போடலாம், பட்டினியாகச் சாக விருப்பமில்லை. கழுத்தில் துளை வேண்டாம். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புங்கள், மாடு தெரிய வேண்டும். கடைசியில் மூச்சு தடுமாறிய ராத்திரி, 108 வண்டியைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு வார்த்தை தடிக்கவில்லை. டாக்டர் முன்கூட்டியே கொடுத்துவைத்திருந்த மருந்து மூச்சின் தவிப்பை அடக்கியது. இந்த நோய்க்காரர்கள் தொண்டை அடைத்துத் துடிதுடித்துச் சாவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். சரியான மருந்தும் கவனிப்பும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. உடம்பில் கரியமில வாயு மெல்லக் கூடி, உறக்கம் ஆழ்ந்து போகிறார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் போனார்.

உங்கள் வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது" என்கிறார்கள். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? மோட்டார் நியூரான் நோயாளிக்குக் கேட்கிறது. மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கி, கண்ணை மட்டும் அசைக்க முடிகிறவருக்கும் கேட்கிறது. தன் சாவைப் பற்றிய பேரத்தை, மறுத்துச் சொல்ல நாக்கில்லாமல், அவர் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். இதைவிடக் கொடுமை எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி யாரும் வெளியே பேசாததைப் பேச வேண்டும். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுக் கூட்டிக்கிட்டு வந்துட்டோம்" என்று நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்! ஐசியு பில் ஏறிக்கொண்டே போகிறது. நகை அடகுக்குப் போய்விட்டது, நிலத்துக்கு விலை பேசியாகிவிட்டது. ஒருநாள் காலை, மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்ற தாளில் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஆம்புலன்ஸில் ஒருவர் காற்றுப் பையைக் கையால் அழுத்திக்கொண்டே வருகிறார். வீட்டு வாசலில் இறக்கி, சொந்தங்கள் எல்லாம் வந்த பிறகு குழாயை எடுக்கிறார்கள். வலிக்கு மருந்தில்லை, மூச்சுத் தவிப்புக்கு மருந்தில்லை. கடைசி மணி நேரங்களில் அவர் தவிப்பதை வீடே நின்று பார்க்கிறது. நம் பக்கத்து மக்கள் கண்ட 'கண்ணியமான சாவு' இதுதான். பணம் தீர்ந்த நாளே சாவுக்கு நாள் குறிக்கிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நிலத்தை விற்று வைத்தியம் பார்த்த குடும்பத்தைக் குற்றம் சொல்ல எவருக்கும் தகுதி இல்லை. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்திடும் முன், அவர் பேச்சோடு இருந்த நாளில், "இப்படி ஒரு நிலைமை வந்தா என்ன பண்ணட்டும்?" என்று யாராவது அவரைக் கேட்டிருந்தால், ஐசியுவுக்கே போகாமல் வீட்டிலேயே மருந்தோடும் ஆட்களோடும் அந்த நாட்கள் கழிந்திருக்கலாம். நிலமும் மிஞ்சியிருக்கலாம்.

பணமில்லாமை எப்படிச் சாவின் மொழியில் பேசும் என்பதற்குச் சித்தூர் மாவட்டமே சாட்சி. 2016-ல் தம்பள்ளப்பள்ளியில், அப்போது அது நம் மாவட்டம், கல்லீரல் நோயில் கிடந்த கைக்குழந்தையைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்டுப் பெற்றோர் நீதிமன்றப் படியேறினார்கள். செய்தி பரவியது, அரசு உதவிக்கு வந்தது, சென்னையில் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. சாவைக் கேட்டவர்கள் உண்மையில் கேட்டது வைத்தியத்தை. 2021-ல் புங்கனூரில் இன்னொரு தாய், தீராத நோயில் வருந்திய ஒன்பது வயது மகனுக்காக அதே வேண்டுகோளோடு நீதிமன்றம் வரை போனார். திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே பையன் இறந்துபோனான். இரண்டும் நரம்பு நோயில்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது "என்னைக் கொன்னுடுங்க" என்று சொன்னால் இந்த இரண்டு குழந்தைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் வலி இருக்கிறதா, தூக்கமின்மை இருக்கிறதா, படுக்கைப் புண் இருக்கிறதா, கடன் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தீர்க்கக்கூடியதைத் தீர்த்த பிறகும் அவர் அதையே சொன்னால், அப்போது அது அவருடைய விருப்பம். அதுவரை அது ஒரு முறையீடு.

அப்படித் தன் விருப்பத்தைத் தானே சொன்ன ஒருவர், ஹைதராபாத் செஸ் வீரர் வெங்கடேஷ். வயது 25. சிறுவயதிலிருந்தே தசைச்சிதைவு நோய். உயிர் ஊசலாடும்போது, தன் உறுப்புகள் கெட்டுப்போவதற்கு முன் தானம் செய்துவிட்டுச் சாக அனுமதியுங்கள் என்று கேட்டார். அவருடைய தாய் மகனுக்காக 2004 டிசம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றத்தை அணுகினார். மூளைச்சாவுக்கு முன் உறுப்புகளை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால் மனு தள்ளுபடியானது. அடுத்து ஓரிரு நாளில் வெங்கடேஷ் இறந்தார். நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லியிருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். சாவதற்கு முன் உறுப்பை எடுக்கலாம் என்று ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால், ஏழை நோயாளிகளை நோக்கி எந்த மாதிரி ஆட்கள் வருவார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் வெங்கடேஷிடம் ஒன்று இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று அவரே சொன்னார், நாடே கேட்டது.

மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாகுக்கு அந்தக் குரல் இல்லை. 1973 நவம்பரில் அதே மருத்துவமனை ஊழியன் ஒருவனால் வன்கொடுமைக்கு ஆளாகி, சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு, மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவிழந்தார். 42 ஆண்டுகள் அந்த மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடந்து 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார். அவர் சாக விடப்பட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அவர் வாழட்டும் என்று மருத்துவமனை நர்ஸ்கள் எதிர்த்து நின்றார்கள். 2011 மார்ச்சில் நீதிமன்றம் நர்ஸ்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டு தரப்பும் அவர்மேல் அக்கறை கொண்டவர்கள்தான். ஆனால் அருணாவுக்கு என்ன வேண்டும் என்று எவருக்கும் தெரியாது, 25 வயதுப் பெண்ணிடம் யார் போய் முன்கூட்டிக் கேட்டிருப்பார்கள்? உங்கள் நிலைமை அப்படி இல்லை. நோய் இருப்பது தெரிந்துவிட்டது, அவருக்கு இன்னும் பேச வருகிறது.

சட்டம் இப்போது உங்களுக்கு உதவியாக இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு வாழும் உரிமைக்குள் கண்ணியத்தோடு இறப்பதும் அடங்கும் என்று சொன்னது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த எவரும், பின்னால் தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றது. அதை லிவிங் வில் என்கிறார்கள். முதலில் மாஜிஸ்திரேட் கையொப்பம் வரை தேவைப்பட்டது, நடைமுறையில் யாராலும் முடியவில்லை. 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே விதிகளை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி போதும். எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். எழுதிவைத்துவிட்டால் மெஷினை உடனே நிறுத்திவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். குணமாக வழியில்லாத நிலைக்கு அவர் வந்த பிறகுதான் அந்தத் தாளுக்கு வேலை. அப்போதும் சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு பார்க்க வேண்டும், அதற்குமேல் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இருக்கும் இரண்டாவது குழு ஒப்ப வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். ஊசி போட்டுக் கொல்வது நம் நாட்டில் அன்றும் குற்றம், இன்றும் குற்றம். நோயின் போக்கில் வரும் சாவை மெஷின் வைத்துத் தடுக்காமல் விடுவது வேறு, சாவை வரவழைப்பது வேறு. இந்தக் கோட்டை அழிக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஏன் உடன்பாடில்லை என்றால், கோட்டை அழித்தால் என்ன நடக்கும் என்று தமிழ் பேசும் நமக்கே தெரியும். விருதுநகர் பக்கத்தில் தலைக்கூத்தல் என்ற பெயரில், படுத்த படுக்கையான முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் இளநீராகப் புகட்டிச் சாகடித்திருக்கிறார்கள். அதைச் சொல்லும் 'பாரம்' படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அங்கேயும் காரணமாகச் சொன்னது கருணைதான். உறையூர் ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட்டதும் நம் மரபில்தான் இருக்கிறது. அவன் தானே முடிவெடுத்தான், ஊரறிய உட்கார்ந்தான். வடக்கிருத்தலை இன்று செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. தலைக்கூத்தலில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவருகிறவர்கள் அந்தக் கிழவியைக் கேட்டதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். கேட்கவில்லை என்ற ஒன்று போதும், கருணை கொலையாகிவிடுவதற்கு.

அவசரப்பட்டு நம்பிக்கையை விடவும் கூடாது. நம் பக்கத்தில் தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடிக்கிறது. விடியும்போது இமை தூக்க முடியவில்லை, பிறகு கைகால் அசையவில்லை, மூச்சு நிற்கிறது. பார்ப்பதற்கு மூளைச்சாவு மாதிரியே இருக்கும். வென்டிலேட்டரில் வைத்து விஷமுறிவு மருந்து கொடுத்தால் எழுந்து நடந்து வீட்டுக்கு வருகிறார். கியான் பாரே என்ற நரம்பு நோயிலும் அப்படித்தான், வாரக்கணக்கில் மெஷினில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் மீள்கிறார்கள். பக்கவாதத்தில் முதல் சில நாட்களைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. மோட்டார் நியூரான் நோயிலேயே வகைகள் உண்டு. சென்னை மருத்துவர்கள் 1970-ல் விவரித்த மதராஸ் மோட்டார் நியூரான் நோய் நம் தென்னாட்டு இளைஞர்களுக்கே அதிகம் வருவது. காதும் மந்தமாகும், கைகால் மெலியும், ஆனால் மெல்லத்தான் நகரும், பல்லாண்டுகள் வாழ்வார்கள். "மோட்டார் நியூரானா? ரெண்டு மூணு வருஷம்தான்" என்று கேள்விப்பட்டதை வைத்து அப்படிப்பட்ட பையனின் படிப்பையும் கல்யாணத்தையும் நிறுத்திவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! "வென்டிலேட்டர்ல வெச்சாலே போச்சு" என்ற பேச்சையும் விடுங்கள். எந்த நோய், எந்த வகை, மீள வழி உண்டா என்பதை நரம்பியல் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு, அதன்பிறகு மற்றதைப் பேசுங்கள்.

வீட்டுப் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் விழுந்தால் பெங்களூர், பெண் விழுந்தால் குப்பம், அதுவும் முடியாவிட்டால் நாட்டு வைத்தியம் என்று பல வீடுகளில் எழுதாத சட்டம் இருக்கிறது. படுத்த ஆணைப் பார்ப்பது மனைவி, படுத்த பெண்ணைப் பார்ப்பது மருமகள், முடிவெடுக்கும்போது மட்டும் திண்ணையில் ஆண்கள் உட்காருகிறார்கள். இதில் இன்னொன்றும் நடக்கிறது. "யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது, எனக்கு ஒண்ணும் பண்ண வேணாம்" என்று அம்மா சொல்லிவிடுகிறாள். அதையே அவள் விருப்பம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். ஆயுள் முழுக்க, கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டே பழகியவள், சிகிச்சையிலும் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறாள். அவளிடம் ஒருமுறை கேட்டு முடிக்காதீர்கள். மகளைத் தனியாக உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள், ஆஷா அக்காவைக் கேட்கச் சொல்லுங்கள். நீ பாரமில்லை என்று நம்பும்படி நடந்துகாட்டிவிட்டுத் திரும்பவும் கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் வேண்டாம்.

விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 21 வயதில் இந்த மோட்டார் நியூரான் நோய் கண்டது, வருடம் 1963. 1985-ல் ஜெனீவா போயிருந்தபோது நிமோனியா வந்து வென்டிலேட்டரில் கிடந்தார். மெஷினை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர்கள் மனைவி ஜேனைக் கேட்டார்கள். அவர் மறுத்து, கணவரைக் கேம்பிரிட்ஜுக்கே கொண்டுபோனார். கழுத்தில் துளை போட்டார்கள், குரல் போனது. அதற்குப் பிறகுதான், 1988-ல், உலகமே படித்த அவருடைய காலம் பற்றிய புத்தகம் வெளிவந்தது. 2018 வரை வாழ்ந்தார். அதே ஹாக்கிங், மீள முடியாத நோயில் வருந்துகிறவர்களுக்குத் தம் முடிவைத் தாமே தேடிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்றும் 2013-ல் சொன்னார். கழுத்துத் துளையோடு வாழ்ந்து காட்டியவரும் அவரே, முடிவு நோயாளியின் உரிமை என்றவரும் அவரே. சித்தப்பா வேண்டாம் என்றதும் சரி, ஹாக்கிங் அதோடு வாழ்ந்ததும் சரி. உங்கள் வீட்டு நோயாளி எந்தப் பக்கம் என்பது அவர் சொன்னால்தான் தெரியும்.

டிமென்ஷியா முற்றியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு தகவல். அவர்கள் சாப்பாட்டை மறுக்கத் தொடங்கும்போது மூக்கில் குழாய் விடச் சொல்லி ஆஸ்பத்திரியை நெருக்குகிறீர்கள், விடாவிட்டால் பட்டினி போட்ட பாவம் வரும் என்று பயம். அந்தக் கட்டத்தில் குழாய் ஆயுளைக் கூட்டுவதில்லை, சாப்பாடு நுரையீரலுக்குள் போவதையும் தடுப்பதில்லை என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. குழாயைப் பிடுங்குகிறார்கள் என்று கையைக் கட்டிலோடு கட்டுகிறீர்கள். அதற்குப் பதில் குழைந்த கஞ்சியை, ராகிக் கூழை, நிமிர்த்தி உட்காரவைத்து, அவர் வாங்கும் அளவுக்குச் சின்னக் கரண்டியில் ஊட்டுங்கள். வேண்டாம் என்று முகம் திருப்பினால் நிறுத்துங்கள். வாயை ஈரப்படுத்திக்கொண்டே இருங்கள். அதில் எந்தப் பாவமும் இல்லை.

தேர்வு செய் என்று சொல்லும் நாடு, தேர்வு செய்ய ஏதாவது வைத்திருக்க வேண்டாமா? கேரளத்தில் 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணப் பணி வளர்ந்து, 2008-ல் அந்த மாநிலத்தின் கொள்கையாகவே ஆனது. அங்கே பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீட்டுக்கு வருகிறார், புண்ணைக் கட்டுகிறார், மாத்திரை தருகிறார், கூட இருப்பவர்களுக்குச் சொல்லித்தருகிறார். வலி அடக்கும் மார்ஃபின் கிடைப்பதற்கு இருந்த முட்டுக்கட்டைகளை 2014-ல் மத்திய அரசே சட்டம் திருத்தித் தளர்த்தியது. நமக்குப் பக்கத்தில், எல்லை தாண்டினால் கர்நாடகம். அந்த அரசு 2025 ஜனவரியில் லிவிங் வில்லையும் மருத்துவக் குழுக்களையும் நடைமுறைப்படுத்த உத்தரவு போட்டது. நம் மாநிலம் 2024 ஜூலையிலிருந்து, பக்கவாதத்தில் முழுக்கப் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ கிடப்பவர்களுக்கும் கடுமையான தசைச்சிதைவு நோயாளிகளுக்கும் மாதம் 15,000 ரூபாய் பென்ஷன் தருகிறது. நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். அந்தப் பணம் அவருடையது, முதல் செலவு அவருக்கான மெத்தையும் மருந்தும் பால்கஞ்சியுமாக இருக்கட்டும். ஆனால் பென்ஷனோடு வாரம் ஒருமுறை ஒரு நர்ஸும் வர வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக, முதலமைச்சரான ஒருவரையே சட்டமன்றத்துக்கு அனுப்பிவரும் தொகுதி நம் குப்பம். இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கிராம சபையில் சாலையும் தண்ணீரும் கேட்கும்போது இதையும் கேளுங்கள்.

இப்போது உங்களிடம் என் வேண்டுகோள். அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டர் அறைக்குள் அவரையும் கூட்டிப்போங்கள். அவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். எல்லாம் தெரிய வேண்டாம், என் மகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். ஊர் திரும்பியபின் ஒரு நாள், பெண்களும் கூட இருக்க, மேலே சொன்ன கேள்விகளை அவரிடம் கேளுங்கள். ஒரே நாளில் முடியாது, அவசரமும் வேண்டாம். பேச்சு குழறினால் எழுத்து அட்டை வையுங்கள், அவர் படித்த எழுத்தில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம்.

அவர் சொன்னதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். அவருக்காகப் பேச வேண்டியவர் பெயரையும், அவர் இல்லாத நேரத்துக்கு இன்னொருவர் பெயரையும் சேருங்கள். இரண்டு சாட்சிகளோடு குப்பத்தில் நோட்டரியிடமோ நம் மண்டலத் தாசில்தாரிடமோ கையொப்பம் பெறுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒன்று பார்க்கும் டாக்டரிடம், ஒன்று பஞ்சாயத்துச் செயலரிடம். இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று அங்கே சொல்லக்கூடும். உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 24 உத்தரவு என்று சொல்லுங்கள், அந்தப் பிரதியைப் பாதுகாக்க உள்ளாட்சி ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள்.